ஒன்பது

எங்கள் ஊர்ச் சாவடியில்
எங்கள் கட்சிக்கு ஒன்பது ஓட்டு.
போன தேர்தலில் ஒன்பது. அதற்கு முந்தியும் ஒன்பது.
கூட்டம் போட்டால் வருகிறவர்களோ பத்துப் பேர்.

இந்தக் கணக்கு முதல் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.
முதல் வகுப்பில் இந்த வருஷம் நாலே பிள்ளைகள்.
அந்த நாலுக்கும் ரூசின் மொழியில் ஒரு வாத்தியார்
என்பதுதான் எங்கள் அறிக்கையின் முதல் வரி.
இரண்டாவது, கால்வாய்ப் பம்பு.
மூன்றாவதுக்கு அச்சுக்கூலி போதவில்லை.

அலுவலகம், யூலினின் விதைக் கடைக்கு மேலே
ஒற்றை அறை.
மிளகாய்த்தூள் நெடியில்
தீர்மானத்துக்கும் தீர்மானத்துக்கும் நடுவே தும்முவோம்.
பத்தில் அந்த ஒருவர் யார் என்று
யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.
கவ்ரில் படியேறி வந்தால் மட்டும்
பேச்சு கொஞ்சம் தணியும்.
அவன் மருமகன் செர்பியன்.
அவன் சந்தா எப்போதும் பாக்கி.
"மாகாண சபையில் ஒரே ஒரு நாற்காலி,
அதில் உட்கார்ந்து என்னத்தைக் கிழித்தோம்?"
என்று கேட்டவனும் அவன்தான்.
வேறென்ன சாட்சி வேண்டும்?

மார்ச்சில், கால்வாயில் பனி உடைந்த வாரம்,
கவ்ரில் இறந்தான்.
கோயில் மணிக்கு ஒன்பது பேரும் போனோம்.

ஜூனில் ஓட்டு.
இரவு எட்டு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள்.
கட்சி முகவர் என்று பெஞ்சில் நான்.
பெரிய கட்சியின் குவியல் தலையணை உயரம்.
எங்களுடையது,
சீட்டாட்டத்தில் ஒரு கையில் விரித்துப் பிடிக்கிற அளவு.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
வாசலில் நின்ற யூலினுக்கு
இரண்டு கையும் தூக்கி
ஒரு விரலை மடக்கிக் காட்டினேன்.
அவன் முகத்தில் முதலில் ஒரு கழித்தல் ஓடியது.
பிறகு ஒரு நிம்மதி.
"அப்போ அவனேதான்."

மாடியில் பிளம் சாராயம் ஊற்றினார்கள்.
செத்தவனைப் பற்றிப் பேசக் கூடாது என்றான் சில்வோ,
பேசினான்.
மலர்வளையத்துக்குக் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி
அமலியா ஆத்திரத்தில் அழுதாள்.

நகராட்சியில் நிலப்பதிவுக் குமாஸ்தாவாக இருந்தேன்,
பதினாலு வருஷம்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை.
தேர்தலுக்கு மறுநாள் மேலாளர் காபி கொடுப்பார்.
போனைக் காட்டச் சொல்வார்.
அதில் சீட்டின் படம்,
எண் ஒன்றைச் சுற்றி நீலப் பேனாவில்
என் வட்டம்.
காம்பஸ் வைத்த மாதிரி இருக்கும்.

ஏப்ரலில் ஓய்வு பெற்றேன்.
ஜூனில் முதல் முறையாக எங்கள் எண்ணைச் சுற்றினேன்,
பதினொன்று.
கை நடுங்கி வட்டம் கோழிமுட்டை ஆயிற்று.
எண்ணும்போது அதைக் கண்டுபிடித்தேன்,
ஏழாவதாக வந்தது.

தைரியம் என்று சொல்ல வேண்டாம்.
பென்ஷன்.

"மினிட்ஸில் எழுது" என்றான் யூலின்.
"ஒன்பது பேர், ஒன்பது ஓட்டு.
இனி நமக்குள் ஓட்டை இல்லை."
எல்லோரும் சிரித்தார்கள்.
எழுதினேன்.
நீட்டிய கோப்பையையும் வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு
கணக்கு நோட்டைத் திறந்தேன்.
கவ்ரிலின் பாக்கி அறுநூறு தினார்.
என் பையிலிருந்து எடுத்து வரவு வைத்தேன்.
ரசீதில் அவன் பெயர்.
தேதி, பிப்ரவரி.