நான்காம் குழாய்

பர்கூர்க் கல்லில் பத்தொன்பது வருஷம்
ஓட்டை போட்டவன் நான்.
மருந்து இறங்க, திரி இறங்க,
மலை ஒரு பக்கம் சாய.
வலக்காதுக்குள் அந்த எந்திரம்
இன்னும் நிற்கவில்லை.

இப்போது பிளாஸ்டிக் குழாயில் போடுகிறேன்,
ஒன்றுக்கு நூற்றறுபது.
கட்டெறும்பு நுழையும் அளவு.
வருகிறவர்கள் வரட்டும் என்று.

அஞ்செட்டி தாண்டி
வெக்காலி வேர்கள் பாறையைக் கவ்விய சரிவில்
முழ ஆழத்துக்கு ஒன்றாக ஆறு குழாய்.
அடியில் ஒரு கப், கப்பில் பச்சைக் கூலன்ட்.
தேன்கனிக்கோட்டை மெக்கானிக் கடையில்
"எந்த லாரிக்கு?" என்றான்.
பூச்சிக்கு என்றேன்.
நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கினான்.

கீறல் விழுந்த கல்லை
எக்ஸ்போர்ட்காரன் தொடமாட்டான்.
நாங்கள் காலால் உருட்டித் தள்ளிவிடுவோம்.
அந்தக் கீறலில்தான் இத்தனை பேர்
பட்டா இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

மரப்பேன் என்கிறார் ஃபர்ஹானா மேடம்.
மேலே சருகுக்குள் இருப்பது
சாம்பல் நிறம், கண் உண்டு.
தொட்டால் மிளகாகச் சுருளும்.
கீழே இருப்பது நொய்யரிசி.
வெள்ளை. கண்ணுக்கான இடத்தில்
கண்ணுக்கான இடம்கூட இல்லை.

நண்டு ஜாதியாம்.
இங்கிருந்து கடல் எந்தப் பக்கம் போனாலும்
பஸ்ஸில் ஒரு ராத்திரி.
எப்போது கிளம்பின, எந்த வழியாக வந்தன,
யாருக்கும் தெரியாது.
சட்டையைக்கூட ஒரே நாளில் கழற்றாது.
பின்பாதி முதலில்.
முன்பாதி, யோசித்துவிட்டு.

மூன்றாம் மாசம் போனபோது
நான்காம் குழாயைக் காணோம்.
யானை.
பிடுங்கி, மென்று பார்த்து,
ருசி பிடிக்காமல்
முப்பது அடி தள்ளிப் போட்டிருந்தது.
வாட்சர் சித்தலிங்கன் சாணியைத் தொட்டு
"நேத்து ராத்திரி" என்றான்,
சுற்றிலும் பார்த்துக்கொண்டே.

கப் உடைந்து கூலன்ட் ஒழுகிப்போய்
மூடியில் ஒட்டிய ஈரமண்ணில்
ஒன்று நகர்ந்தது.
செத்ததைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்,
சாமணத்தின் நுனியில், ஊறி, வரிசையாக.
இது போகிற இடம் தெரிந்ததுபோல் போனது.

மேடத்தின் லென்சை வைத்தேன்.
அடிவயிற்றில் ஒரு பை, கண்ணாடித் தாள்போல்.
பைக்குள் தண்ணீர்.
தண்ணீருக்குள் பத்தோ பதினொன்றோ
புள்ளி புள்ளியாகப் புரண்டன.
பெரியதுக்குக் கால் பதினாலு,
பிறக்கும்போது பன்னிரண்டுதான்,
மீதி இரண்டு பிறகு முளைக்கும் என்று
மேடம் ஒருநாள் டீ ஆறும்வரை சொன்னார்.
அன்றைக்கு எந்தக் காதை அவர் பக்கம்
வைத்திருந்தேனோ,
நல்லவேளை இடது.

ஆல்கஹால் பாட்டில் சட்டைப்பையில் இருந்தது.
மூடியைத் திறந்தேன் என்பதும் உண்மை.

பிறகு குழாய் பிடுங்கிய குழியில்,
இரண்டு கல் சேராமல் நின்ற இடத்தில்
மண்ணோடு கவிழ்த்தேன்.
அது திரும்பிப் பார்க்கவில்லை.
எதைக்கொண்டு பார்க்கும்?
இருட்டு அதை
வீட்டுக்காரி மாதிரி உள்ளே எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் ஜீப் பானெட்டின்மேல்
தாளை விரித்து எண்ணினார்கள்.
ஒன்றாம் குழாய், ஏழு.
இரண்டு, நாலு.
மூன்று, பத்தொன்பது, அதில் சாம்பல் இரண்டு.

"நாலாம் குழாயில ஒண்ணுமே இல்லையாண்ணா?"

யானை என்றேன்.
யானை என்று எழுதிக்கொண்டார்.