வளையிற இடம்

மாங்குளம் சந்தி, பின்னேரம் மூன்றரை.
கொத்துக் கல் குளிர்ந்து கிடக்கிறது.
நேற்றிரவு தவேந்தினி மூக்கைச் சுருக்கினதில் இருந்து
அடுப்பு மூட்டவில்லை.

"அழுகின முட்டை மணக்குது" என்றாள்.
முட்டைக் கொத்துக் கடையில் வேறென்ன மணக்கும் என்றேன்.
சிரிக்கவில்லை.
சிலிண்டரின் கழுத்தைத் திருகி மூடிவிட்டு
நாலு ஓடருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு சில்லுக் கடை எங்களது.
வவுனியாவில் ஒட்டுவித்து, நீல மை அடித்து,
லாண்ட்மாஸ்டரில் கொளுவி இழுத்துக்கொண்டு வந்தது.
திருவிழாக் காலம் ஒட்டுசுட்டான்,
மற்ற நாளில் இந்தச் சந்தி.
கிரவல் றோட்டில் கரண்டி குலுங்கினால் கேட்கும்,
தட்டு குலுங்கினால் கேட்கும்.
தட்டுக்கு அடியால் போகிற ஓஸ்
குலுங்கினால் கேட்காது.

பிஸ்கற் பெட்டியைப் பிரித்து நிலத்தில் போட்டு
மல்லாக்கப் படுத்து உள்ளே போனாள்.
யோகட் கோப்பையில் சவர்க்காரத் தண்ணி,
பழைய பல்லுத் தூரிகை,
இடுப்பில் உடுப்புக் கிளிப் ஒரு பிடி.

நெருப்புக் குச்சி காட்டினால்
அரை நிமிசத்தில் தெரியுமே என்றேன்.
"தெரியும்.
உனக்கும் தெரியும்
முறிகண்டியில நிக்கிறவனுக்கும் தெரியும்."

ஆறு வருசம் கண்ணிவெடி எடுத்தவள்.
ஒரு நாளைக்கு ஒரு பாயளவு நிலம்.
அதைப் பற்றிக் கேட்டால்
முழங்கால் நோவைப் பற்றித்தான் சொல்லுவாள்.

"கால் திருகு திற."
திறந்தேன்.
என் விரல் நடுங்கினதைச் சிலிண்டர் மட்டும் அறியும்.
ரெகுலேற்றரில் தொடங்கி ஒரு சாண்:
துடைத்து, நுரை பூசி, பார்த்துக்கொண்டிருந்து,
அந்த இடத்தில் ஒரு கிளிப்.
அடுத்த சாண்.
நெல்லு லொறிக்காரன் ஒருத்தன் தலையை நீட்டினான்:
"கடை பூட்டோ?"
இல்லை, பார்க்கிறம் என்றேன்.
என்னத்தை என்று கேட்காமல் போனான்.

பதினொரு கிளிப்புக்குப் பிறகு
இரும்பை அறுத்து ஓஸை இறக்கின துளை.
றப்பர் வளையம் எந்தக் குழியிலோ விழுந்துவிட்டது.
விளிம்பு உரசி உரசி
ஆவணியில் குளத்துச் சேறு வெடித்த மாதிரித் தோல்.
மெல்ல வளைத்தாள்.
ஒரு குமிழ் எழும்பியது.
கடுகளவு.
மிளகளவு.
உடையாமல் பெருத்தது.
முதல் பல்லுக் காட்டுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல
இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.
"பூட்டு" என்றாள்.

ஓஸின் உடம்பில் வருசம் அடித்திருந்தது, பாதி அழிந்து.
மிச்சப் பாதி சொன்னது
நாங்கள் வாங்கும்போதே அதற்கு வயது போய்விட்டதென்று.

கெங்காதரன் அண்ணையின் ஹாட்வெயாரில் இரண்டு வகை.
ஒன்றுக்கு அச்சு இல்லை, வருசம் இல்லை,
"எல்லாம் ஒரே றப்பர்தான் தங்கச்சி" மட்டும் உண்டு.
மற்றது மூன்று மடங்கு விலை.
மற்றதில் இரண்டு மீற்றர்,
இறுக்கிற வளையம் நாலு, துளைக்கு றப்பர் ஒன்று.
அறுநூறு ரூபா கடன் கொப்பியில்.

பழசைப் பக்கத்துப் பொடியன் கேட்டான்,
கத்தரிக்குத் தண்ணி விடவாம்.
கொத்துத் தகட்டாலேயே
விரல் நீளத் துண்டாய்த் தறித்தாள்.
"தண்ணிக்கெண்டுதான் போகும்.
ஒரு நாள் ஆற்றையும் அடுப்புக்கு வரும்."

புதுசு பூட்டித் திரும்பவும் நுரை.
பொழுது பட்டுவிட்டது, ரோச்சை நான் பிடித்தேன்.
நுரை கிடந்தது.
நுளம்பு கடித்தது.
நுரை தன் பாட்டில் காய்ந்தது.
ஒன்றும் நடக்காததை
இவ்வளவு நேரம் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஏழே முக்காலுக்கு நீலமாய்ப் பிடித்தது.
லொறிக்காரன் திரும்பி வந்து
உறைப்புக் குறைத்து ஒரு முட்டைக் கொத்துச் சொன்னான்.
இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தான்:
"சவர்க்காரம் மணக்குதோ?"

ஓம் அண்ணை,
இண்டைக்கு மட்டும்.

இரவு கடையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகையில்
அடியில் ஏதோ கிலுகிலு என்றது.
கழற்ற மறந்த கிளிப்புகள்.