இன்றைக்கு இருக்கிறது

மசேருவில் ஜூலை மாதம்
குழாய்க்குள் தண்ணீர் கல்லாகும்.
ஆறரை மணிக்கு கேட்டுக்கு வெளியே
போர்வை சுற்றி நிற்கிறோம்,
பேசினால் வாயிலிருந்து புகை.

எனக்கு பெல்ட் லூப்.
ஒரு ஜீன்ஸுக்கு ஐந்து, ஒரு நாளைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
முகம் தெரியாத யார் யார் இடுப்போ
என் நூலில் நிற்கிறது.
நீலம் நகக்கண்ணில் ஏறி
ரொட்டி பிசையும்போதும் இறங்காது.

போன மாதம் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டினார்கள்.
ஆங்கிலத்தில் பதினான்கு விதிகள்.
என் மெஷினிலிருந்து பார்த்தால்
அதில் ட்யூப்லைட்தான் தெரியும்.
புசெலெட்சோ தலைப்பை வாசித்தாள்:
நடத்தை விதிகள்.

எங்கள் நடத்தைக்கா? என்றேன்.
வேறு யார் நடத்தையை இதுவரை
அளந்திருக்கிறார்கள்?
எத்தனை மணிக்குத் திரும்பினாள்,
யாரோடு சிரித்தாள்.
இல்லையடி, கம்பெனியின் நடத்தை என்றாள்.
வரிசை முழுக்கச் சிரித்தது.
லிமகட்சோ ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டு
அப்போதும் சிரித்தாள்.

பார்வையாளர்கள் வருவதற்கு முந்தைய இரவு
கழிப்பறைப் பூட்டைக் கழற்றினார்கள்.
பச்சை சோப்பு வந்தது, உறை பிரிக்காமல்.
வயிறு தெரிகிற மூவரை
சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.
ஒன்பதாம் விதி: கருவுற்றவர்கள் காக்கப்படுவர்.
காத்தார்கள்,
யார் கண்ணிலும் படாமல்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?
நாற்பத்தைந்து என்று சொல்லுங்கள்,
என்று மொலேஃபி மூன்று முறை சொல்லிக்கொடுத்தான்.
பொய் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்கார முடியாது.
உண்மை சொன்னால் திங்கட்கிழமை இங்கே உட்கார முடியாது.
தண்ணீர்க் குழாயருகே, கை உறைந்தபடி,
இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லை
லிமகட்சோ கண்டெடுத்தாள்.
கஜேனோ. இன்றைக்கு.
மதிய மணி அடிப்பதற்குள்
அது எல்லா வரிசைக்கும் போய்விட்டது.

வந்தவள் பெயர் மரைகே. நெட்டை. மூக்கு சிவந்திருந்தது.
அவளுக்கும் குளிர்தான்.
குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா?
இன்றைக்கு இருக்கிறது.
கழிப்பறை திறந்திருக்கிறதா?
இன்றைக்குத் திறந்திருக்கிறது.
மேஸ்திரி திட்டுவாரா?
இன்றைக்குத் திட்டவில்லை.
மொலேஃபி மொழிபெயர்த்தான்:
இருக்கிறது. திறந்திருக்கிறது. திட்டுவதில்லை.
படிவத்தில் ஆம் என்று ஒரு கட்டம்,
இல்லை என்று ஒரு கட்டம்.
அவ்வளவுதான் இடம்.

முப்பத்தோராவது ஆளாக நான் போனேன்.
நான் வாய் திறந்ததும் பேனாவை நிறுத்தினாள்.
எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்கிறீர்களே, கஜேனோ,
அப்படி என்றால் என்ன?
மொலேஃபி முந்திக்கொண்டான்:
மரியாதைச் சொல், மேடம்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
தப்பும் தவறுமாக அந்தச் சொல்லை எழுதிக்கொண்டாள்.

தொண்ணூற்று நான்கு மதிப்பெண்ணாம்.
மேலாளர் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தார்.
மறுநாள் காலை பூட்டு திரும்பி வந்தது.
சோப்பைப் பெட்டியில் எண்ணி வைத்தார்கள்,
ஒன்று குறைந்தது.
நான்தான் எடுத்தேன். எழுதிக்கொள்ளட்டும்.
என் மகனின் பள்ளிச் சட்டைக் கழுத்து
முதல்முறை வெள்ளையாக இருக்கிறது.

அந்த ஓரத்துச் சொல் எங்கே போனதென்று தெரியாது.
குப்பைக்குப் போயிருக்கலாம்,
இல்லை, ஏதோ ஒரு மேஜையில்
யாரோ அதற்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்கலாம்.
நாங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.
வியாழக்கிழமைகளில் புசெலெட்சோவின் அறையில்
பதினான்கு விதிகளையும் எங்கள் மொழியில் எழுதுகிறோம்,
பள்ளிக்கூட நோட்டில், பென்சிலால்.
ஆறாவதில் நிற்கிறோம்:
சங்கம் சேரும் உரிமை.

காலை ஏழு மணிக்கு மேஸ்திரி கத்துவார்,
எல்லோரும் இருக்கிறீர்களா?
மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன்
ஒரு நொடி அமைதி இருக்கும் அல்லவா,
அதில் சொல்கிறோம்:
இன்றைக்கு இருக்கிறோம்.