மின்னல் எச்சரிக்கை

காலையிலேயே வரவேற்பு மேசையில் சொல்லிவிட்டேன்:
தம்பி, கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்,
நாற்காலிக் கால் அதிர்கிறது,
மைலோ தம்ளரில் வட்டம் வட்டமாய் விழுகிறது.
அவன் சிரித்தான்.
ஜூன் விடுமுறை, அக்கா, பிள்ளைகளுக்குத்தானே?
காகித உறையில் ஒரு ஜோடி
காதடைப்பான் எடுத்துத் தந்தான்.
ஆரஞ்சு நிறம். விரலிடுக்கில் பஞ்சுமிட்டாய் போல் அமுங்கியது.
துருவன் அதைப் பிடுங்கித் தன் காதில் செருகிக்கொண்டு
குளத்துக்கு ஓடினான்.

பாசிர் ரிஸ்.
குளத்தின் நான்கு மூலையிலும்
ஆளுயரக் கறுப்புப் பெட்டிகள்,
கதை தூக்காத துவாரபாலகர்கள்.
தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒருவன் மைக்கில் கத்துகிறான்:
கைகள் எங்கே? கைகள் எங்கே?
நுரைக்குள்ளிருந்து முளைக்கின்றன
நூறு சின்னக் கைகள்.
எது என் மகனுடையதென்று தெரியவில்லை.
சாங்கிக்கு இறங்கிய விமானம்கூட
வாயசைத்துவிட்டுத்தான் போனது.

அந்தச் சத்தத்தில் யாரும்
முக்கியமானதைக் கேட்க முடியாது.
நாத்தனார் பூங்கோதை ஏதோ கேட்டாள்,
சாப்பாடாக இருக்கும். தலையாட்டினேன்.
அவள் கணவர் இவரிடம் குனிந்து கேட்டார்,
வேலையைப் பற்றியாக இருக்கும்.
இவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அந்தக் கட்டைவிரலை நான் பார்த்தேன்.
மார்ச் கடைசியிலிருந்து
தினமும் ஏழரைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பி
தெம்பனிஸ் நூலகத்தில்
மூன்றாம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து
விண்ணப்பம் தட்டுகிற கட்டைவிரல்.
இந்த அறை டிசம்பரிலேயே பணம் கட்டியது.
திருப்பித் தரமாட்டார்களாம்.
வராமலிருந்தால் ஏனென்று கேட்பார்கள்.
வந்தோம்.

மூன்றே கால் மணிக்கு
ஜொகூர்ப் பக்கம் வானம் ஈயமாயிற்று.
சிவப்பு விளக்கு சுழன்றது. சங்கு ஊதியது.
உயிர்காப்பாளர் ரோஸ்லி விசிலோடு ஓடிவந்தார்,
எல்லாரும் மேலே, எல்லாரும் மேலே.
யாரோ மின்சாரத்தைப் பிடுங்கினார்கள்.

நாள் முழுக்க நான் கேட்டது
கேட்டபடியே கிடைத்தது.

கூரைக்கடியில் இருநூறு பேர், ஈரத் துண்டோடு.
சொட்டுகிற முடி.
செருப்பின் சளக் சளக்.
ஒரு கைக்குழந்தையின் விக்கல்.
யாரோ விட்டுவந்த பொரித்த உருளைக்கிழங்கைக்
கொத்தும் மைனாவின் அலகு.
நுரை சாகிற ஓசையை அன்றுதான் கேட்டேன்:
சிறுசிறு வெடிப்பு,
கடுகு தாளித்து அடுப்பை அணைத்த பிறகு
மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு போல.

அப்போதுதான் துருவன்,
காதில் இரண்டு ஆரஞ்சு அடைப்போடு,
இசை இன்னும் ஓடுகிறது என்று நம்பி,
அதை வெல்லும் குரலில் என்னிடம் கேட்டான்:

"அம்மா! அப்பாவுக்கு வேலை போச்சுன்னுதான்
ஐஸ்கிரீம் ஒண்ணு போதும்ங்கிறியா?"

விக்கல்கூட நின்றது.
இருநூறு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.
என்ன மரியாதை தெரிந்த ஊர்.
மதியழகன் துண்டை உதறி,
மடித்து,
மறுபடி உதறி மடித்தார்.
தேவையான நேரத்தில் இடிக்காத இடியை
என்ன சொல்ல.
நான் பிள்ளையின் காதிலிருந்து
ஒன்றை உருவினேன்.
"ஏம்மா யாருமே பேசல?" என்றான், இப்போது மெதுவாக.

இருபத்தேழு நிமிடம்.
பூங்கோதை எழுந்துபோய்
ஐந்து ஐஸ்கிரீம் வாங்கிவந்தாள்.
எல்லாருக்கும். அவள் அண்ணனுக்கு முதலில்.
அவர் உறையைப் பிரிக்காமல்
உருகும்வரை கையில் வைத்திருந்தார்.
பிறகு பிரித்தார்.
பிறகு, பாதி குடித்து பாதி கடித்து,
"நீ இன்னும் பண்டான்தான் வாங்குற" என்றார் தங்கையிடம்.
அவ்வளவுதான் பேசினார்.

விளக்கு பச்சையானது.
பெட்டிகள் ஒருமுறை இருமின,
பிறகு ஒரே அடி, மார்புக்கூட்டில்.
பிள்ளைகள் தண்ணீரில் விழுந்தார்கள்.
பூங்கோதை என் காதில் வாய் வைத்து ஏதோ சொன்னாள்;
ஒரு சொல்லும் எட்டவில்லை.
ஆனால் நாள் முழுக்கச் செய்ததுபோல்
இந்த முறை தலையாட்ட வரவில்லை எனக்கு.
"திரும்பச் சொல்லு" என்று கத்தினேன்.

காலை பார்த்த தம்பி தட்டோடு கடந்தவன் நின்று
கையால் கேட்டான்:
சத்தம் குறைக்கச் சொல்லட்டுமா, அக்கா?

என் உள்ளங்கையில் ஒற்றைக் காதடைப்பான்,
நசுங்கியது மெல்ல மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.
கேட்கவில்லை என்று
சைகை காட்டினேன்.