டோக்கன் நானூற்றுப் பதினேழு

ஆஸ்பத்திரியின் மூன்றாம் வாசலில்
ஏகாம்பரத்தின் நீல பிளாஸ்டிக் வாளி.
பழம் நறுக்கும் கத்திகள், பாக்குவெட்டி, சவரப் பிளேடு,
ஒரு தேங்காய்த் துருவி
(அதை ஏன் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது).
நோயாளியோடு வருகிறவர்கள்
கூரானதையெல்லாம் அதில் போட்டுவிட்டுத்
தகர டோக்கனோடு உள்ளே போவார்கள்.

எதிரே என் ஜெராக்ஸ் கடை.
டிஸ்சார்ஜ் சம்மரி, பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
என் ஒரே கெட்ட பழக்கம் என்று தமயந்தி சொல்வது
மேசை இழுப்பறையில் பிளானல் துணிக்குள் கிடக்கிறது:
இருபத்திரண்டு அமெரிக்கப் பேனாக்கத்திகள்.

முதலாவது
ராணிப்பேட்டையில் மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது
ஹயாத் பாஷா எடைக்கு வாங்கிய இரும்பில் இருந்தது.
கிலோ இருபத்தெட்டு என்றார்.
அறுபது கிராமுக்கு நான் நூறு ரூபாயை நீட்டினேன்.
மறுநாளிலிருந்து அவருக்கு விலை தெரிந்துவிட்டது.

அலகின் அடியில்,
விரித்தால் மட்டும் தெரிகிற இடத்தில்,
புள்ளிகள்.
எழுபதில் பத்துப் புள்ளி குத்தினான் அந்தக் கம்பெனிக்காரன்,
பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தான்.
என்னுடையதில் ஆறு. எழுபத்துநாலு. நான் பிறந்த வருஷம்.
வயது என்றால் கூட்டிக்கொண்டே போவது
என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மடங்கும் சத்தத்தை வைத்தே சொல்வேன்
வில் தளர்ந்ததா, துருவா,
எவனாவது சாணை பிடித்துக் கொன்றுவிட்டானா.
ஒன்றால்கூட எதையும் நறுக்கியதில்லை.
எலுமிச்சை வெட்ட ஒன்று கேட்டாள் தமயந்தி;
கடைக்கு ஓடிப் புதுக்கத்தி வாங்கி வந்து கொடுத்தேன்.

கத்திரி தொடங்கிய வாரம்
வாளிக்குள் எலும்பின் நிறம் கண்டேன்.
காமில்லஸ், நியூயார்க். பட்டாளத்துக் கத்தி.
வெட்ட ஒன்று, டப்பா திறக்க ஒன்று,
தோலில் துளைபோட, திருகாணி முடுக்க.
வெல்லப்பாகு நிறத்தில் பிடி.
என் கை நடுங்கியது.
கம்மவான்பேட்டை ராணுவக்காரர் அதைப் பார்க்காமல் இல்லை.

"லேடோ பக்கத்து ஆளுது. நானூத்திப் பதினேழு.
தம்பிக்கு ரத்தத்துல ஏதோ.
பதினெட்டு நாளாச்சு, வாசலுக்கே வரல.
எடுத்துக்கயேன்,
ரெண்டு மாசம் போனா எல்லாம் குப்பைக்குத்தான்."
இந்தியில் கேட்டு வைத்திருந்தார்.

லேடோ.
யுத்தத்தின்போது பர்மாவுக்கு அமெரிக்கர்கள் சாலை போட்ட ஊர்.
ஒரு சிப்பாய் மழையில் தொலைத்திருக்கலாம்.
கோழிக்கு மாற்றியிருக்கலாம்.
எல்லாம் ஊகம்.
நாங்கள் காசு கொடுப்பதே ஊகத்துக்குத்தான்.

இருபத்துமூன்று என்று படுக்கையில் சொல்லிப் பார்த்தேன்.
வாய்க்கு நன்றாக இருந்தது.
மூன்று இரவு நன்றாக இருந்தது.

நாலாம் நாள் தையல் மெஷின் எண்ணெய் கொண்டுபோனேன்,
பல்குச்சியும் பழைய பனியன் துணியும்.
ஏகாம்பரம் கத்தியைக் கையில் தரமாட்டார், சண்டை வருமாம்.
மேசையில் வைப்பார். நான் எடுப்பேன்.
இறுகிய மூட்டில் ஒரு சொட்டு.
விரித்தேன், மடித்தேன்.
புகையிலையோ தேயிலைத் தூளோ, கறுப்பாக வந்தது.
மறுபடி வாளியில், பாக்குவெட்டிக்குக் கீழே.

இப்படி ஒன்பது சாயங்காலம்.
துருவை எடுத்தேன்.
அலகின் நீலக் கருமையைத் தொடவில்லை,
அது துரு அல்ல,
அவர்கள் தின்ற பழங்கள்.

பத்தாம் நாள் வாளியில் இல்லை.
"காலைல டோக்கனக் குடுத்து வாங்கிட்டுப் போயிட்டான்."
தனியாவா?
"ஷிப்ட் மாறுற நேரம், கும்பல்.
கத்தியத் திறந்தான், மூடினான்.
மறுபடி திறந்தான். என்னப் பாத்தான்.
நான் எதுவும் சொல்லல."

காட்பாடி பஸ் ஒன்று எங்களுக்கு நடுவே நின்று
ஆளை ஏற்றிக்கொண்டு போகும்வரை பேசவில்லை.

"தள்ளுவண்டியில ஆரஞ்சு வாங்கினான்" என்றார்.
எத்தனை?
"அதையெல்லாமா எண்ணுவாங்க?"