ஆயிரத்து நானூற்று ஆறு சாவிகள்

ஆயிரத்து நானூற்று ஆறு கார்கள்.
எண்ணியது நான்தான், இரண்டு முறை.
ஆரம்பாக்கத்தில், ஆந்திரா பலகைக்கு இந்தப்பக்கம்
வேலி போட்ட பன்னிரண்டு ஏக்கரில்
யாரும் வாங்காத வெள்ளை, யாரும் வாங்காத சாம்பல்,
நடுவில் எதற்கோ ஒரு மஞ்சள்.

வாரத்துக்கு ஒரு தரம்
பத்துப் பத்தாகச் சாவி போட்டு
பத்து நிமிடம் உறுமவிட வேண்டும்.
பேட்டரி சாகக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு.
எனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்பது
உத்தரவில் இல்லை.

அரசாங்கம் எண்ணூறு கோடி தரப்போகிறது என்று
டீக்கடை டிவி சொன்ன அன்று
தனகோட்டி கிளாஸை வைத்துவிட்டுக் கும்பிட்டார்.
அவர் லேத்தில் கடைந்த புஷ்ஷுக்கு
பதினேழு லட்சம் வரவேண்டும்.
"குடுக்கட்டும்பா. இது சாஞ்சா
தடாவுலேர்ந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும்
அத்தனை ஷட்டரும் எறங்கும்."

பெஞ்சலையா தெலுங்கில் ஒன்று சொன்னார்,
எல்லைக்கு இந்தப்பக்கமும் செல்லுபடியாகும் வார்த்தை.
பிறகு மெதுவாக:
"என் நெல்லு முழுகினப்போ டேப்போட வந்தாங்க.
வரப்பை விட்டுட்டு அளந்தாங்க.
நாலாயிரத்து எரநூறு ரூபா.
இவங்க முழுகினதை எந்த டேப்பு வெச்சு அளந்தாங்க?"

"உன் நெல்லுல நாலு பேரு. இதுல நாலாயிரம் பேரு."

"அப்போ முழுகறதுன்னா பெருசா முழுகணும்ங்கறே."

கடைக்காரர் மின்விசிறியை நிறுத்தினார்.
கரண்ட் பில் அவருடையது.

என்னைக் கேட்டார்கள்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
படுத்துவிட்ட வண்டிக்குப் பக்கத்து வண்டியிலிருந்து
ஒயர் போட்டு உயிர் கொடுப்பேன்.
பேட்டரி மட்டும் இறங்கியிருந்தால்
ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஓடும்.
டைனமோ போயிருந்தால்
கொஞ்ச தூரம் போய் நிற்கும்,
சில நேரம் கொடுத்த வண்டியும் சேர்ந்து.

"அப்போ இதுல எது போயிருக்கு?" என்றார் தனகோட்டி.

பானட்டைத் திறந்தால்தானே தெரியும்.
ஆயிரத்து நானூற்று ஆறு சாவி என்னிடம் இருக்கிறது.
அந்த பானட்டுக்கு இல்லை.

மஸ்தானம்மா வேலியின் கிழிசல் வழியாக வருவாள்.
நாலு மாதமாக முன்வரிசை பானட்டுகளில்
சென்னாகுனி காயவைக்கிறாள்.
இந்தச் சூடு மணலில் கிடைக்காதாம்.
இந்தக் கார்களால் இதுவரை
லாபம் பார்த்த ஒரே ஆள்.
எனக்கு வாரம் ஒரு படி.

கையெழுத்தான மறுவாரம்
மூன்றில் ஒரு மாதச் சம்பளம் வந்தது.
தனகோட்டிக்கு ஒரு கடிதம் வந்தது,
நன்றி என்று தொடங்கியது.
யார்டைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் மூக்கைச் சுளித்து
புது வண்டியில் ஏன் கருவாட்டு வாசனை என்றார்.
"கடல் காத்து சார்" என்றேன்.
குறித்துக்கொண்டார்.

இன்றைக்கு ஏழாம் வரிசை.
மஞ்சள் காருக்கு மூன்று தரம் சாவி போட்டும்
டிக். டிக்.
ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன்,
எந்த வெள்ளையிடம் கேட்கலாம்
என்று பார்த்தபடி.