தெளித்த வரிசை

கெம்ச்சியில் மழை
ஆளைக் கேட்டுப் பெய்வதில்லை.
காலையில் கதவைத் தள்ளும்போதே
கூரைக்கடியில் வைத்த வாளி நிறைந்திருக்கும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி கடை.
இங்கே அதிகச் சம்பளம் வாங்குவது
குளிர்ப்பெட்டி.
மின்கட்டணம் வருகிற நாளில்
நான் பல்லைக் கடிக்கிறேன்,
அது கையைக் கடிக்கிறது.

விற்காத கீரையை இரவில் நானே வதக்கித் தின்கிறேன்.
நான் என்ன சாப்பிட வேண்டுமென்று
அன்று வராமல் போனவர்கள் முடிவு செய்கிறார்கள்.
நேற்று டர்னிப் இலை.
முந்தாநாளும் டர்னிப் இலை.

பெரும்படகில் வந்திறங்குகிற தக்காளி
அச்சில் வார்த்தது போல் இருக்கிறது.
பொய் சொல்ல மாட்டேன், பார்க்க அழகு, விலையும் மலிவு.
என்னிடம் இருப்பது
கருநீலத்தில் ஒரு கிழங்கு, விரல்நீளத்தில் ஒன்று,
முடிச்சுமுடிச்சாய் இன்னொன்று.
"உரிப்பதற்குள் உயிர் போகிறது"
என்று திட்டிக்கொண்டே
பள்ளி எழுத்தர் ஒர்த்தென்சியா
மறுபடியும் இரண்டு கிலோ கேட்கிறார்.

ஆறு வருடமாகக் கிழங்கு தருகிறவர் எலியாசர் நவெல்கின்.
புயல் ஓய்ந்த கரையில் கடற்பாசி அள்ளி
மாட்டு வண்டியில் ஏற்றி நிலத்துக்கு உரமிடுகிறவர்.
அவர் மூட்டையைப் பிரித்தால்
கடைக்குள் கடல் வரும்.

மார்ச்சில் மூன்று மூட்டை இறக்கினார்.
நான்காவது வண்டியிலேயே இருந்தது.

"இதை உன் பலகைக்குக் கீழே வைக்காதே" என்றார்.
பலகையில் பெரிதாக என் கையெழுத்து:
நஞ்சு தொடாதது.

"ஜனவரியில் கருகல் வந்தது.
ஒரே ராத்திரி. இலையெல்லாம் வெந்து தொங்கியது.
வேலியோரம் இரண்டு வரிசைக்கு அடித்துவிட்டேன்.
இரண்டு தடவை.
யாரும் பார்க்கவில்லை."
சற்றுப் பொறுத்து
மறுபடி சொன்னார்: "யாரும் பார்க்கவில்லை."

விதி எழுதிய சுண்ணாம்புக்கட்டி என் கையில்.
கருகிய இலை அவர் கையில்.

திருப்பி அனுப்பினால்
மொத்தக்காரன் மூன்றில் ஒரு பங்கு விலைக்குப் பிடுங்குவான்.
கலந்துவிட்டால் எந்த நாக்குக்கும் தெரியாது.
அந்த யோசனை எனக்கு வந்தது.
வரவில்லை என்று சொன்னால்
அதுவும் தெளித்த பேச்சுதான்.

கதவோரம் தனிப்பெட்டி வைத்தேன். மேலே அட்டை:
தெளித்தது. ஜனவரியில், இரண்டு முறை.
விளைவித்தவரே சொன்னது.

பாலாடைக்கட்டி செய்யும் வில்ஹெல்மினா படித்துவிட்டு
"அடுத்து மருந்து டப்பாவையே விற்பாயா?" என்று கேட்டுப் போனவள்
இன்றுவரை வரவில்லை.
மாதம் நாற்பதாயிரம் பேசோ வாங்குகிறவள்.
படகு மெக்கானிக் தோரிபியோ மட்டும்
அட்டையை இரண்டு முறை படித்து, மூன்று கிலோ அள்ளினார்.
மிச்சத்தில் பாதி முளைவிட்டது.

நான் எதிர்பாராதது அதன் பிறகு நடந்தது.
மற்றப் பெட்டிகளைக் காட்டி ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள்:
"இது? இதை யார் சொன்னது?"
பூண்டுக்காரரிடம் போய்க் கேட்டேன், கோபித்துக்கொண்டார்.
கேரட்காரி சிரித்தாள்.
ஆப்பிள்காரர் நெடுநேரம் தன் பூட்ஸையே பார்த்தார்,
பிறகு சொன்னார்.

இப்போது பெட்டிக்குப் பெட்டி பொடியெழுத்து.
பெரிய எழுத்தைத் துணியால் துடைத்துவிட்டேன்.
கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சாடி,
கருகல் வந்தால் கொடுப்பதற்கு.
சேர்ந்தது இருபத்தோராயிரம்.
அரை வரிசைக்கும் காணாது.

மே மாதம் முதல் புயல் அடித்து ஓய்ந்த காலையில்
கதவில் எழுதி வைத்தேன்:
பாசி அள்ளப் போயிருக்கிறேன்.
கீரையை எடுத்துக்கொண்டு காசைத் தகரத்தில் போடவும்.

நவெல்கின் வாரியை வீசிய வேகத்துக்கு
என் முதுகு ஈடுகொடுக்கவில்லை.
இருட்டிய பின் திரும்பினேன்.
தகரத்தில் கணக்கு உதைத்தது,
ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடந்தது.
கூடையில் ஓர் இலை இல்லை.

பாசி நாறும் கையோடு அடுப்படியில் நின்றேன்,
இன்று என்ன சமைப்பதென்று தெரியாமல்.